கணினித் திரையின் தெளிவும் இரண்டாம் திரையும்

பணப் பரிமாற்றத்துக்காக வாடிக்கையாளர்கள் நிரப்பித் தரும் படிவங்களில் அடிக்கடி தென்படும் பிழை ஒன்று உண்டு. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து அமர்ந்திருக்கும். அக்குறியீடு பதினொரு இடங்களைக் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பன. இப்பிழையால் பெரும் தீங்கில்லை, பரிமாற்றம் நிறைவேறாது நின்றுவிடும். ஆனால் கணக்கு எண்ணில் 3 என்பது 8 ஆக மாறினால் நிலைமை வேறு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு. பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து அன்று. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் வாடிக்கையாளர்களுக்கு வழங்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்ததன் காரணமும் இதுவே.

இத்தகைய பிழை நேர்ந்தவர்களிடம் கேட்டால், "மின்னஞ்சலில் வந்ததைப் பார்த்துத்தான் எழுதினேன், திரையில் எழுத்து சற்று மங்கலாகத்தான் தெரியும்" என்பார்கள். கண்ணில் குறை என்று எண்ணி மருத்துவரிடம் சென்று வந்தவர்களும் உளர். கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லதே. எனினும் பல வேளைகளில் குறை கண்ணிலும் இல்லை, கணினியிலும் இல்லை. திரை அமைக்கப்பட்ட முறையில் இருக்கிறது. அதைச் சீர்செய்யப் பணம் எதுவும் செலவாகாது. இரண்டாம் திரை ஒன்றை இணைத்துக்கொள்வோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்து இப்பாடத்தில் காண்போம்.

புள்ளிகளின் கணக்கு

கணினித் திரை நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்கிறோம். தெளிவுத்திறன் என்பது குறுக்கே எத்தனை புள்ளிகள், நெடுக்கே எத்தனை புள்ளிகள் என்னும் கணக்கு. 1987இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையில் 640×480, அதாவது 3,07,200 புள்ளிகள் இருந்தன. விலை குறைந்த மடிக்கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய 1366×768 திரையில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். முழு எச்டி எனப்படும் 1920×1080 திரையில் இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம். 4கே திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு.

எண்ணிக்கை மட்டும் போதாது. அப்புள்ளிகள் எவ்வளவு நெருங்கி அமைந்துள்ளன என்பதும் முக்கியம். 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். அதே 1920×1080 புள்ளிகளை 14 அங்குல மடிக்கணினியில் அடைத்தால் அங்குலத்துக்கு 157. விண்டோஸ் இயங்குதளம் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்னும் கணக்கை அடிப்படையாகக் கொண்டு எழுத்துகளை வரைகிறது. ஆகவே 24 அங்குலத் திரையில் இயல்பான அளவில் தோன்றும் எழுத்து, 14 அங்குலத் திரையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடாகச் சிறுத்துவிடும். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் எழுத்து எறும்பைப் போல் தெரிகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது வெறும் குறைகூறல் அன்று, கணக்குப்படியே உண்மை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறான வழியில் செல்கின்றனர். எழுத்தைப் பெரிதாக்க வேண்டித் தெளிவுத்திறனை 1366×768 அளவுக்குக் குறைத்து விடுகின்றனர். எழுத்து பெரிதாகிறது, உடன் மங்கலும் வந்து சேர்கிறது. காரணம் எளிது. திரையிலுள்ள புள்ளிகள் 1920 என்பது தொழிற்சாலையிலேயே முடிவானது. அதை மாற்ற இயலாது. கணினி 1366 புள்ளிகளை அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 1.4 புள்ளிகளின் மீது பரவியாக வேண்டும். பாதிப் புள்ளி என்று ஒன்று கிடையாதாகையால், அண்டையிலுள்ள நிறங்கள் கலக்கப்பட்டு ஓரங்கள் குழைகின்றன. 3, 6, 8 ஆகிய எண்களின் வேறுபாடு அவற்றின் ஓரங்களில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துகளில் 'ண' கரத்தின் சுழிகளும் 'ன' கரத்தின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இப்பழக்கம் ஏன் வேரூன்றியது என்பதையும் சொல்லிவிடலாம். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் இவ்வாறு நிலையான புள்ளிக் கட்டம் இல்லை. மின்கற்றை வரைந்து செல்லும் முறையாதலால் 800×600 ஆனாலும் 1024×768 ஆனாலும் படம் ஓரளவு சீராகவே தோன்றியது. அக்காலத்தில் கணினி கற்றோர், எழுத்தைப் பெரிதாக்கத் தெளிவுத்திறனைக் குறைத்தது பொருத்தமான செயலே. திரைகள் மாறின, கைப்பழக்கம் மாறவில்லை.

சரியான வழி பின்வருமாறு. விண்டோஸ் முகப்புத் திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். 'ரெசொல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று குறிக்கப்பட்டுள்ள அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவே அத்திரையின் இயல்பான புள்ளி எண்ணிக்கை. எழுத்தைப் பெரிதாக்குவதற்கு அருகிலுள்ள 'ஸ்கேல்' என்னும் அமைப்பு இருக்கிறது. 100, 125, 150 என விழுக்காடுகள் காட்டப்படும். 14 அங்குல முழு எச்டி திரைக்கு 150 பொருந்தும். இம்முறையில் எழுத்து இழுத்து நீட்டப்படுவதில்லை. அதிகப் புள்ளிகளைக் கொண்டு புதிதாக வரையப்படுகிறது. ஆதலால் பெரிதாவதோடு கூர்மையும் கூடுகிறது. தவறான தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுத்துத் திரை இருண்டுபோனாலும் அஞ்ச வேண்டியதில்லை. மாற்றத்தை நாம் உறுதி செய்யாவிடில் சில விநாடிகளில் கணினி தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கைவைக்காமல் காத்திருந்தால் போதும்.

வங்கி இணையப் பக்கத்தை மட்டும் பெரிதாக்க விரும்பினால், உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தலாம். கண்ட்ரோல் விசையுடன் பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவு வந்துவிடும். 'உறுதி செய்' பொத்தானைக் காணவில்லை என்று நம்மை அழைப்போரில் சிலர், பக்கத்தை மிகுதியாகப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள். பொத்தான் திரையின் கீழெல்லைக்கு அப்பால் இருக்கிறது, அவ்வளவே.

ரெசொல்யூஷன் பட்டியலில் 1024×768 தவிர வேறெதுவும் இல்லையெனில், வரைகலைக்குரிய இயக்கி மென்பொருள் நிறுவப்படவில்லை என்று பொருள். இதற்கு விண்டோஸ் அப்டேட், அல்லது மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளம், இவ்விரண்டை மட்டுமே நாடுக. தேடுபொறியில் தேடினால் முதலில் வருவன பெரும்பாலும் விளம்பரங்கள். 'உங்கள் இயக்கிகள் பழுதடைந்துள்ளன, இந்த எண்ணை அழையுங்கள்' என்று எச்சரிக்கும் பக்கங்களும் அவற்றிடையே உண்டு. அழைத்தால் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

இரண்டாம் திரை

மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் சிறு வணிகர்களுக்கு இரண்டாம் திரையைப் போல் பயன்தரும் கருவி வேறில்லை என்பது நம் கருத்து. ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை 14ஆம் தேதி கிடைக்கிறது. 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் அளிக்க வேண்டும். இடைப்பட்ட நாள்களில் அறிக்கையிலுள்ள ஒவ்வொரு விலைப்பட்டியலையும் நம் கொள்முதல் பேரேட்டோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒரே திரையில் இதைச் செய்தால் ஒரு சாளரத்தை மறைத்து மற்றொன்றைத் திறந்து, எண்ணை மனத்தில் ஏந்திக்கொண்டு மாறிமாறிச் செல்ல வேண்டும். அந்த ஏந்தலில்தான் பிழை புகுகிறது. இடப்புறம் அறிக்கை, வலப்புறம் பேரேடு என்று இரு திரைகளில் விரித்து வைத்தால் கண் மட்டும் நகர்ந்தால் போதும். வங்கிக் கணக்கு அறிக்கையை ரொக்கப் புத்தகத்தோடு சரிபார்ப்பதற்கும் இது பொருந்தும். இரண்டாம் திரையைச் செங்குத்தாகத் திருப்பி, அமைப்பில் 'போர்ட்ரெயிட்' எனத் தேர்ந்தெடுத்தால் ஏ4 பக்கம் முழுவதும் ஒருசேரத் தெரியும்.

இதற்கெனப் புதிய திரை வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. வீட்டில் பயன்படாதிருக்கும் தொலைக்காட்சியையும் எச்டிஎம்ஐ கம்பியால் இணைக்கலாம். ஆனால் 32 அங்குல 'எச்டி ரெடி' தொலைக்காட்சியில் அங்குலத்துக்கு 49 புள்ளிகளே உள்ளன. அருகில் அமர்ந்து எண்களைப் படிக்க அது ஏற்றதன்று. மேலும் பல தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிக் காட்டும். கீழே உள்ள பணிப்பட்டை மறைந்துபோனால் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4கே திரை வாங்குவோர் பழைய கம்பியைப் பயன்படுத்தலாகாது. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் விநாடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும். சுட்டி இழுத்து இழுத்து நகரும். 60 முறைக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், கணினியிலும் திரையிலும். மடிக்கணினி எத்தனை வெளித்திரைகளை ஏற்கும் என்பதையும் வாங்குமுன் கேட்டறிக. 2020இல் வந்த ஆப்பிள் எம்1 மடிக்கணினிகள் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும்.

திரையை இணைத்தவுடன் அது தன் பெயரையும், தான் ஏற்கும் தெளிவுத்திறன்களையும் கணினிக்குத் தானே அறிவிக்கிறது. இச்செய்தித் தொகுப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள்தாம். ஆகவே பெரும்பாலும் நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிராது. ஒன்றை மட்டும் நாமே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், 'டூப்ளிகேட்' எனும் நகல், 'எக்ஸ்டெண்ட்' எனும் விரிவு, இரண்டாம் திரை மட்டும். இவற்றுள் நகலுக்கும் விரிவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் நேரும் சங்கடங்கள் சிறியவை அல்ல.

கடைகளில் விலைப்பட்டியல் போடும் கணினிக்கு வாடிக்கையாளரை நோக்கிய இன்னொரு திரை வைப்பது இப்போது பரவலாகியுள்ளது. பலர் அதை நகல் முறையில் இணைத்துவிடுகின்றனர். பகல் முழுவதும் பிழையொன்றும் தெரியாது. மாலையில் கடைக்காரர் அன்றைய வரவைப் பார்க்க வங்கிக் கணக்கைத் திறப்பார். கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும், யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதும் வரிசையில் நிற்போர் அனைவருக்கும் விரியும். அவருக்கோ அது தெரியாது. ஏனெனில் அத்திரை அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. விரிவு முறையில் அமைத்து, விலைப்பட்டியல் சாளரத்தை மட்டும் அத்திரைக்கு அனுப்புவதே முறை. சாளரத்தைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு அம்பு விசையை அழுத்தினால் அது அடுத்த திரைக்குத் தாவிவிடும்.

நாங்களும் இதில் தவறியவர்களே. வாடிக்கையாளர்களுக்கான மின்வங்கிப் பயிற்சி ஒன்றில், எங்கள் அலுவலர் ஒருவர் தம் மடிக்கணினியை ஒளிப்படக் கருவியோடு இணைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசிச் செய்திகள் கணினியிலும் தோன்றுமாறு அவர் முன்பே அமைத்திருந்தார். பாதுகாப்பைப் பற்றிய பகுதிக்கு வந்த அதே வேளையில், வீட்டார் யாரோ இணையத்தில் பொருள் வாங்க, ஒருமுறைக் கடவெண் சுவரளவு பெரிதாகத் திரையின் மூலையில் வந்து நின்றது. அவையோர் சிரித்தனர். அன்றைய வகுப்பில் எல்லோர் நினைவிலும் நின்ற பாடம் அதுவாகத்தான் இருக்கும். விண்டோஸில் திரை நகலெடுக்கப்படும்போது அறிவிப்புகளைத் தானே நிறுத்தி வைக்கும் விதி ஒன்று உள்ளது. 'நோட்டிஃபிகேஷன்ஸ்' அமைப்பில் அது இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்க. விரிவு முறைக்கு அவ்விதி பொருந்தாது. ஆயினும் விரிவு முறையில் அறிவிப்புகள் முதன்மைத் திரையிலேயே தோன்றுமாதலால், மடிக்கணினியின் திரையை முதன்மையாக வைத்துக்கொண்டால் ஒளிப்படக் கருவிக்குச் செல்வது நாம் அனுப்புவது மட்டுமே.

இணைய வழிக் கூட்டங்களில் திரையைப் பகிரும்போதும் முழுத் திரையைப் பகிராமல் தேவையான சாளரத்தை மட்டும் பகிர்வது இதே காரணத்தால். வங்கிச் செயலியைக் கைப்பேசியில் திறந்து தொலைக்காட்சியில் காட்ட முயன்றால் பல செயலிகளில் கறுப்புத் திரையே தெரியும். அது பழுதன்று, திரைப் பதிவைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த காவல். கணினி உலாவியில் திறக்கும் வங்கிப் பக்கத்துக்கு அத்தகைய காவலை எதிர்பார்க்க வேண்டா.

இனி, தொலைவிலிருந்து கணினியைக் காணும் செயலிகள். எனிடெஸ்க் செயலியைப் பயன்படுத்தி நடக்கும் மோசடிகளைக் குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விடுத்தது. அச்செயலி தன்னளவில் தீயதன்று. நிறுவனங்களில் கணினிப் பழுது நீக்க அன்றாடம் பயன்படுவது. ஆனால் அதை நிறுவச் சொல்பவர் முன்பின் அறியாதவராயின், நம் திரையில் நாம் காண்பதெல்லாம் அவரும் காண்கிறார். இரண்டு திரைகள் இருந்தால் இரண்டையும் மாறிமாறிக் காண்பார். ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்று அவருக்கு மறைந்திருக்கும் என்று எண்ணுவது பிழை. திரையில் தோன்றும் மெய்நிகர் விசைப்பலகை, விசை அழுத்தங்களைத் திருடும் நச்சு நிரலுக்கு எதிரான காப்பு. திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதிராக அது பயன்படாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். எனவே ஐயம் எழுந்த கணமே இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறு கைப்பேசியிலிருந்தேனும் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிப்பதில் ஒவ்வொரு நிமிடமும் பணம்.

துணை மென்பொருள்கள்

விண்டோஸ் 98 காலத்திலிருந்தே பல திரைகளை இணைக்கும் வசதி இருந்துவருகிறது. ஆயினும் விண்டோஸ் 7 வரை பணிப்பட்டை ஒரு திரையில் மட்டுமே தோன்றியது. அக்குறையை நிரப்ப அல்ட்ராமான், டிஸ்பிளேஃபியூஷன் போன்ற மென்பொருள்கள் பெயர்பெற்றன. விண்டோஸ் 8 முதல் எல்லாத் திரைகளிலும் பணிப்பட்டை வந்துவிட்டது; திரைக்குத் திரை வெவ்வேறு விழுக்காடு அமைக்கும் வசதி 8.1இல் வந்தது. ஆதலால் வீட்டில் இரு திரை வைத்திருப்போர் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டிய தேவை இன்று குறைவு. மூன்று நான்கு திரைகளை நாள்தோறும் மாற்றி இணைப்போருக்கு டிஸ்பிளேஃபியூஷனின் சேமித்த அமைப்புகள் உதவும்.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள 'ஃபேன்சிஸோன்ஸ்' கருவியை நாம் விரும்பிப் பரிந்துரைப்போம். திரையை நம் விருப்பப்படி கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு சாளரத்தை இழுத்தால் அது கட்டத்தில் பொருந்தி அமரும். அகன்ற ஒரே திரை வைத்திருப்போருக்கு இது இரண்டாம் திரையின் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடும். மானிட்டரின் ஒளியளவைப் பொத்தான்களைத் தடவித் தேடாமல் கணினியிலிருந்தே மாற்றுவதற்கு ட்விங்கிள் ட்ரே என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோரில் எக்ஸ் வரைகலை முறையில் இயங்குவோருக்கு எக்ஸ்ரேண்டர் கட்டளை உண்டு. மேக் கணினியில் 'டிஸ்பிளேஸ்' அமைப்பே போதும். யூஎஸ்பி வழியே கூடுதல் திரைகளை இணைக்கும் டிஸ்பிளேலிங்க் வகைக் கருவிகள் மேக் கணினியில் 'திரையைப் பதிவு செய்ய' அனுமதி கேட்கும். படத்தை எடுத்து அனுப்புவதே அதன் பணியாதலால் அக்கோரிக்கை இயல்பானது. அதே அனுமதியை ஒரு நாள்காட்டிச் செயலி கேட்டால் மறுத்துவிடுக.

150 விழுக்காடு அமைத்த மடிக்கணினித் திரையிலிருந்து 100 விழுக்காடு அமைத்த 24 அங்குலத் திரைக்குச் சாளரத்தை நகர்த்தும்போது, பழைய கணக்கியல் மென்பொருள்களும் மின்கையொப்பத்துக்கான சிறு செயலிகளும் குழைந்து தெரிவதுண்டு. அச்செயலியின் கோப்பில் வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' என்று சென்றால் உயர் டிபிஐ அமைப்பை மாற்ற இடம் உண்டு. மாற்றியபின் செயலியை மூடித் திறக்க வேண்டும்.

கடைசியாக, காணாமற்போகும் சாளரம். இரண்டாம் திரையை அதன் பொத்தானால் அணைத்தாலும், எச்டிஎம்ஐ, விஜிஏ இணைப்புகளில் அது இன்னும் இருப்பதாகவே கணினி கருதக்கூடும். வங்கிப் பக்கம் அந்த இருண்ட திரையில் திறந்தே இருக்கும். நாமோ மூடிவிட்டதாக எண்ணி எழுந்து செல்வோம். ஆல்ட், டேப் விசைகளால் அச்சாளரத்தைத் தேர்ந்தெடுத்து, முன்பு கூறியவாறு விண்டோஸ், ஷிஃப்ட், அம்பு விசைகளால் இப்பக்கம் கொணர்ந்து, முறைப்படி வெளியேறலாம். கம்பி தளர்ந்தோ இயக்கி திணறியோ எல்லாத் திரைகளும் ஒருசேர இருண்டால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றோடு 'பி' என ஒலிக்கும் ஆங்கில இரண்டாம் எழுத்தை அழுத்துக. வரைகலை இயக்கி மீண்டும் தொடங்கும். பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது இவ்வாறு நேர்ந்தால், படம் திரும்பியதும் மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்திவிடாமல், கணக்கு அறிக்கையில் அத்தொகை ஏற்கெனவே பற்று வைக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். திரை இருண்டிருந்த வேளையிலும் கணினி தன் வேலையை முடித்திருக்கக்கூடும்.